வரப்பு கட்டிய வண்ணங்கள்

தல்லாகுளத்திலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “காரைக்குடியில் தாத்தா வீட்டுச் சுவரில் இருக்கும் பூப்போட்ட டைல்ஸ், ஆத்தங்குடிக் கல்தானே சார்?”

இல்லை. ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும். கண்ணாடியின் மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைப்பது. தீயையே காணாதது. தாத்தா வீட்டுச் சுவரில் இருப்பதோ சூளையில் வெந்த பீங்கான். முதுகில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று அச்சாகியிருக்கக் கூடும். அதற்காகப் பெயர்த்துப் பார்க்க வேண்டாம்!

செட்டிநாட்டுக்குப் பர்மா தேக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். டைல்ஸ் கதையைத்தான் யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்துச் சரக்குதான் முதலில் கொடிகட்டிப் பறந்தது. 1914-ல் உலகப் போர் மூண்டு அது குறைய, ஜப்பான்காரர்கள் புகுந்துவிட்டார்கள். அவாஜித் தீவில் 1885-ல் தொடங்கிய டான்டோ கைஷா என்ற நிறுவனம் அவர்களில் பெரிய கை. வாங்குகிறவன் மனசறிந்து லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன் என்று ரவிவர்மா பாணியில் இந்தியாவுக்கென்றே அச்சடித்து அனுப்பினார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது சாமி படமல்ல, பூவின் விளிம்பு. விரலால் தடவிப் பாருங்கள், நூல் கனத்துக்கு மேடு தட்டும். சூளைச் சூட்டில் வண்ண மெருகு கண்ணாடியாக உருகி ஓடும். விட்டால் பச்சை போய்ச் சிவப்பில் கலந்துவிடும். வயலுக்கு வரப்பு கட்டுகிற மாதிரி, களிமண் தூளை அச்சில் அழுத்தும்போதே அந்த மேட்டையும் எழுப்பிவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பள்ளத்தில் தேங்கிய மெருகு அடர்ந்து கறுக்கும், மேட்டில் மெலிந்து வெளிறும். ஒரே வண்ணம்தான், ஆனால் தூரிகை படாமலே இதழுக்கு நிழல் விழுந்துவிடுகிறது.

அந்த மெருகில் ஈயம் உண்டு. பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் ஈயமும் கரையும், பளபளப்பும் போகும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். மேலே பெயிண்ட் அடிக்கும் புண்ணியவான்களுக்கு என்ன சொல்ல?

எங்கள் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். லட்சுமியை மட்டும் பயபக்தியோடு எடுத்து வைத்துவிட்டு, பூ டைல்ஸையெல்லாம் கடப்பாரையால் குத்திப் பள்ளம் நிரப்ப அள்ளிப் போனார்கள். மிச்சம் மீதி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. சுண்ணாம்புச் சாந்தில் பதித்த டைல்ஸ் என்றால், பொறுமையுள்ள கொத்தனார் உளியால் மெல்லக் கொத்தி முழுசாகவே எடுத்துத் தருவார். இடிக்கும் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுங்கள்.