ஒரே எதிரிக்காக ஒரு டெக்: பலன் தருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ்களைத்தான். அவற்றில் ஒரு வகை டிரேடிங் கார்டு கேம். ரம்மி போல எல்லோருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு இதில் இல்லை. ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து அவரவர் கட்டை அவரவரே அமைத்திட வேண்டும். இதுவே டெக். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' 1993ல் வெளியானது. இதில் வழக்கமான டெக்கில் குறைந்தது 60 கார்டுகள் இருக்க வேண்டும். 2002ல் 'மேஜிக் ஆன்லைன்', 2019ல் 'மேஜிக் அரீனா' எனக் கம்ப்யூட்டருக்கும் இது வந்தது.

"பலரும் ஒரே டெக்கைத்தான் வைத்து ஆடுகிறார்கள். அதை முறியடிக்கவே ஒரு டெக் அமைத்தால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் வரும். இது சரிதானா என்று பார்ப்போம்.

முதலில் நம் விஸ்வநாதன் ஆனந்த். 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குடன் உலக செஸ் பட்டத்துக்கு மோதினார். வழக்கமாக ராஜாவின் முன் உள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்கும் ஆனந்த், அங்கே ராணியின் சிப்பாயை நகர்த்தினார். கறுப்புக் காய்களுடன் ஆடிய 3 மற்றும் 5ஆம் ஆட்டங்களில், கம்ப்யூட்டர் துணையுடன் தயாரித்த ஒரே வகை ஆட்டத்தை ஆடி வென்றார். முடிவு 6.5 - 4.5. எதிராளி ஒருவர்தான், அவர் யார் என்பதும் முன்பே தெரியும். அதனால் இந்தத் தயாரிப்பு பலித்தது.

கார்டு கேம் போட்டியில் அடுத்து யார் வருவார் என்று தெரியாது. முகூர்த்தப் பட்டை மட்டுமே அடுக்கிய காஞ்சிபுரம் கடைக்கு, தினமும் கட்டப் புடவை கேட்டு ஒருவர் வந்தது போல ஆகிவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். குறிவைத்த டெக்கிற்கு எதிராக உங்கள் வெற்றி வாய்ப்பு 70 சதவீதம், மற்றவற்றிற்கு எதிராக 40 என்று கொள்வோம். எதிராளிகளில் 40 சதவீதம் பேர் அந்த டெக்கை ஆடினால் உங்கள் மொத்த வாய்ப்பு 28 + 24 = 52. அவர்கள் 20 சதவீதமாகக் குறைந்தால் 14 + 32 = 46 தான். மூன்றில் ஒரு பங்கினராவது அதை ஆடினால்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எக்ஸெலில் எண்களை மாற்றி மாற்றி இதனைச் சோதித்திடலாம். உங்கள் எதிர் டெக் பிரபலமானால் மற்றவர்களும் வேறு டெக்கிற்கு மாறிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இதற்கு நடுவழி 'சைடுபோர்டு'. மூன்று ஆட்டப் போட்டிகளில் 15 கார்டுகள் வரை தனியே வைத்துக்கொண்டு, முதல் ஆட்டம் முடிந்ததும் தேவையானவற்றை டெக்கில் மாற்றிக்கொள்ளலாம். எதிர்க் கார்டுகளுக்குச் சரியான இடம் இதுதான்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அரீனாவில் பெற்ற கார்டுகளை விற்கவோ மற்றவருடன் மாற்றிக்கொள்ளவோ முடியாது. எனவே எல்லோரிடமும் ஓரளவு நன்றாக ஆடும் டெக் ஒன்றை முதலில் அமைத்திடுங்கள். 20, 30 ஆட்டங்களில் எதிரே வந்த டெக்குகளைக் குறித்து வையுங்கள். எதிர் டெக் தேவையா என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.