நெய்க்குப் பதில் டால்டா, வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின்: நம்ம சட்டியில் கொதிப்பது என்ன?



போன தீபாவளிக்கு முன்னால் வேடசந்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா, உள்கடன் வசூல் எல்லாம் முடிந்து, பலகாரம் செய்து விற்பது பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் குழு மூணு வருஷமா முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு செய்து விற்கிறது. நல்ல பேர் எடுத்த குழு. வாங்க வேண்டிய சாமான் பட்டியலை ஊக்குநர் வாசித்தார். "டால்டா 10 கிலோ" என்றதும், ஓரமா உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தாங்க.

"எங்க வீட்டுக்காரருக்கு வயசு 42. மில்லுல நைட் ஷிப்ட். நெஞ்சு வலின்னு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரத்தக் குழாயில அடைப்புன்னு ஸ்டென்ட் வச்சு அனுப்பினாங்க. டால்டா, பேக்கரிச் சாமான் எல்லாம் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாம செய்யிற மைசூர்பாகையும் யாரோ ஒருத்தி வீட்டுக்காரர்தானே சாப்பிடுறாரு? அதை நாமளே எப்படி விக்கிறது?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு உறுப்பினர், "நெய் போட்டா விலை கட்டுமா? கடனை யார் கட்டுறது?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்கு முழுசாப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

டால்டா எப்படி வந்தது?

டால்டா என்பது ஒரு வணிகப் பெயர். பொருளின் பெயர் வனஸ்பதி. தாவர எண்ணெயை நெய் மாதிரி கெட்டியாக்கினால் அது வனஸ்பதி. திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்கு 1902இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் நார்மன் என்ற வேதியியல் அறிஞர் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1937இல் டால்டா விற்பனைக்கு வந்தது. நெய்யை விட விலை குறைவு, சீக்கிரம் கெடாது, பார்க்க நெய் போலவே மணல் மணலாக இருக்கும். அதனால் கல்யாண வீடு, ஓட்டல், பேக்கரி என்று எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. மஞ்சள் டின்னும் பனை மரப் படமும் நம்ம அம்மாக்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டின் காலியானதும் அதில் துளசிச் செடி வைக்காத வீடு உண்டா?

ஆரம்பத்திலிருந்தே ஒரு பிரச்சினையும் கூட வந்தது. வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றார்கள். அதைக் கண்டுபிடிக்க அரசு ஒரு வழி செய்தது. வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பரிசோதனைச் சாலையில் அமிலம் விட்டுப் பார்த்தால், நல்லெண்ணெய் இருக்கும் நெய் சிவப்பு நிறம் காட்டும். நம்ம எள்ளுதான் கலப்படத்துக்குச் சாட்சி! (அமிலம் ஆபத்தானது. வீட்டில் யாரும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.)

கெட்டியாக்கினால் என்ன கெடுதல்?

விறகுக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோணல் மாணலான வேலிக்கருவை விறகைக் கட்டினால் இறுகாது, இடைவெளி இருக்கும். நேரான குச்சிகளை அடுக்கினால் இறுக்கமாக நிற்கும். எண்ணெயும் அப்படித்தான். கடலெண்ணெய், நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் கோணல் குச்சி. அதனால் திரவமாக ஓடுகிறது. நெய்யில் நேர்க்குச்சி அதிகம். அதனால் உறைகிறது.

தொழிற்சாலையில் எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் என்ற உலோகத்தின் உதவியோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். அப்போது கோணல் குச்சிகள் நேராகும். ஆனால் வேலையைப் பாதியில் நிறுத்தும்போது, இயற்கையில் மிகக் குறைவாகவே இருக்கும் ஒரு வகைக் குச்சி நிறைய உண்டாகிறது. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு.

நம் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போக இரண்டு வகை வண்டி உண்டு. ஒன்று ரத்தக் குழாயில் கொழுப்பை இறக்கிவிட்டுப் போகும் கெட்ட வண்டி. இன்னொன்று மிச்சத்தை அள்ளிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நல்ல வண்டி. நெய், பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்டதைக் கூட்டும். டிரான்ஸ் கொழுப்பு கெட்டதைக் கூட்டுவதோடு நல்லதையும் குறைத்துவிடும். இரட்டை அடி! உலகம் முழுவதும் வருஷத்துக்கு 5 லட்சம் பேர் வரை டிரான்ஸ் கொழுப்பால் வரும் இதய நோயில் இறக்கிறார்கள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 2.2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு போகக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் அளவு. அரை டீஸ்பூன்கூட இல்லை.

அந்த அக்கா வீட்டுக்காரருக்கு டால்டாவால்தான் அடைப்பு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கமில்லாத நைட் ஷிப்ட் என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இதயத்தைத் தாக்கும். ஆனால் ராத்திரி டீயோடு பப்ஸ், விடிந்ததும் சால்னாவோடு பரோட்டா என்று தினமும் சாப்பிட்டால், இந்தக் கொழுப்பும் அந்தச் சுமையில் ஒரு பங்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

2003இல் டென்மார்க் நாடுதான் முதலில் இதற்கு வரம்பு போட்டது. 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் இருக்கக் கூடாது என்றது. 2009இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நம் நாட்டு வனஸ்பதிகளை வாங்கிப் பரிசோதித்தபோது, அந்த அளவைப் போல 5 முதல் 12 மடங்கு இருந்தது. நம் நாட்டிலும் பிறகு வரம்பு வந்தது. முதலில் 10 சதவீதம், அப்புறம் 5, 2021இல் 3, 2022 ஜனவரி 1 முதல் 2 சதவீதம். எண்ணெய்க்கும் வனஸ்பதிக்கும் மட்டுமல்ல, அவற்றைச் சேர்த்துச் செய்யும் பண்டங்களில் உள்ள கொழுப்புக்கும் இதே வரம்புதான்.

"அப்போ இன்றைய டால்டா நல்லதா?" என்று கேட்பீர்கள். முன்பைவிட டிரான்ஸ் குறைந்திருக்கிறது. ஆனால் கெட்டித்தன்மை எங்கிருந்தாவது வர வேண்டுமே! பாமாயிலின் கெட்டியான பகுதியிலிருந்து வருகிறது. அதாவது நிறைவுற்ற கொழுப்பு. எனவே விஷம் குறைந்தது, சத்து கூடவில்லை. பெயர் இல்லாத லூஸ் வனஸ்பதியில் எவ்வளவு டிரான்ஸ் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அதை வாங்கவே வேண்டாம்.

உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரேஷன் பாமாயில் உடம்புக்குக் கெடுதலா?

தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷனில் இதை மலிவு விலையில் தருகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது பெரிய உதவி. இது வனஸ்பதி இல்லை. ஹைட்ரஜன் ஏற்றாத எண்ணெய் என்பதால் டிரான்ஸ் கொழுப்பு பயம் இல்லை. ஆனால் இதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். அதனால் பாமாயிலை மட்டுமே நம்பாமல், பொரிக்கக் கொஞ்சம் பாமாயில், குழம்புக்கும் தாளிக்கவும் கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

செக்கு எண்ணெய் எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாமா?

கூடாது. நம்ம மானாவாரிக் காட்டில் விளைந்த கடலையை ஆட்டிய எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். டால்டாவுக்கும் அதே 9. பெண்களுக்கு வேலையைப் பொறுத்து நாளுக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும். 20 கிராம் என்றால் நாலு டீஸ்பூன் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் மூணு லிட்டருக்குள் அடங்க வேண்டும்.

பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருக்கே?

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருக்காது. அது விலங்குகளிலிருந்து வரும் உணவில்தான் கணிசமாக உண்டு. இது, "எங்கள் தண்ணீரில் எலும்பு இல்லை" என்று விளம்பரம் செய்வது மாதிரி. பார்க்க வேண்டியது டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான்.

பிறந்தநாள் கேக் மேலே இருக்கும் வெள்ளைக் கிரீம் பால் ஆடைதானே?

பெரும்பாலும் இல்லை. தாவரக் கொழுப்பையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்க வைத்தது. ஐஸ்கிரீமிலும் இப்படி உண்டு. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது, "ஃப்ரோசன் டெசர்ட்" என்று போட வேண்டும். அட்டையில் அந்த வார்த்தையைத் தேடிப் பாருங்கள். பப்ஸ், பிஸ்கட், கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் போடுவது மார்ஜரின். இதுவும் வனஸ்பதிக்குத் தங்கச்சிதான்.

கொழுப்பே இல்லாத பண்டம் என்று விற்கிறார்களே, அதைக் கொடுக்கலாமா?

கொழுப்பை எடுத்தால் ருசி போய்விடும். அதை ஈடுகட்ட மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதுவும் ஆபத்து. அமெரிக்காவில் 1996இல் ஒலெஸ்ட்ரா என்ற பொருளைச் சிப்ஸ் பொரிக்க அனுமதித்தார்கள். நாக்குக்குக் கொழுப்பு, உடம்புக்கு ஜீரணமாகாது, அதனால் கலோரியும் இல்லை என்றார்கள். சாப்பிட்ட சிலருக்கு வயிற்று வலியும் பேதியும் வந்தது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் அது வெளியே இழுத்துக்கொண்டு போனது. கொழுப்பு நமக்கு எதிரி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் ஒட்டக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். வளரும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எண்ணெயை அடியோடு நிறுத்தாதீர்கள்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

பலகாரம் செய்யும் குழுக்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து, உடம்புக்கு ஒவ்வாத பொருட்கள் உண்டாகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கிறது:

* எண்ணெய் கறுத்து, தேன் மாதிரி கெட்டியாவது
* மேலே நுரை தள்ளி அடங்காமல் இருப்பது
* காய்வதற்கு முன்பே புகைவது
* சாப்பிட்டால் தொண்டை கமறுவது

இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயை ஒதுக்குங்கள். பழைய எண்ணெயோடு புது எண்ணெய் ஊற்றினால் புதுசும் கெட்டுப்போகும். வீட்டில் ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

அந்தக் குழு என்ன செய்தது?

அடுத்த கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இப்படித் தீர்மானம் எழுதினார்கள்: டால்டா வாங்குவதில்லை. மைசூர்பாகை நெய்யும் கடலெண்ணெயும் சேர்த்துச் செய்வது. அளவைக் குறைத்து 200 கிராம் பாக்கெட்டாகப் போடுவது. என்ன சேர்த்தோம் என்று அட்டையில் உண்மையாக எழுதுவது. முறுக்குச் சட்டியில் நாளுக்கு ஒரு எண்ணெய்தான்.

கிலோவுக்குக் கிடைத்த லாபம் குறைந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "விலை ஜாஸ்தி" என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் செய்த சரக்கு மிச்சமில்லாமல் விற்றது, கடன் தவணையும் தவறவில்லை. கேள்வி கேட்ட அக்காதான் இந்த வருஷம் சரக்கு வாங்கும் பொறுப்பை எடுத்திருக்கிறார். கடைக்குப் போகும்போது ஒன்பதாவது படிக்கும் மகளையும் கூட்டிப் போகிறார். மகள் பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தை வாசித்துச் சொல்லுவாள், இவர் முடிவு செய்வார்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் வீட்டில் மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது? ஆள் கணக்குக்கு வகுத்துப் பார்த்தோமா?
2. பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் பேக்கரிப் பண்டம் சாப்பிடுகிறார்கள்? அதற்குப் பதில் கடலைமிட்டாய், அவித்த பயறு, எள்ளுருண்டை கொடுக்க முடியுமா?
3. பாக்கெட்டில் "ஹைட்ரஜனேட்டட்", "வனஸ்பதி", "மார்ஜரின்" என்ற வார்த்தைகளைப் படிக்க நம் குழுவில் யார் உதவுவார்?
4. பலகாரத் தொழில் செய்யும் குழுவாக இருந்தால், எந்தக் கொழுப்பைப் போடுகிறோம்? அதை வாங்குபவரிடம் தைரியமாகச் சொல்ல முடியுமா?
5. 30 வயது தாண்டிய உறுப்பினர்களும் வீட்டுக்காரர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொண்டார்களா? காசு கிடையாது. குழுவாகவே ஒரு நாள் போய் வரலாம்.

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் அனுபவத்தையும் அடுத்த இதழில் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்