நுண்ணுயிர் கட்டும் குதிர்

சோழவந்தான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வெற்றிலை. வெற்றிலையைக் கட்டிய வாழைநார் மண்ணில் விழுந்தால் சில மாதங்களில் மக்கி உரமாகும். அருகில் கிடக்கும் பாலிதீன் பையோ நம் பேரன் காலத்திலும் மக்காது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. ஆயினும் வைகைக் கரையில் நடப்போர் அவற்றைக் காணாமல் இருப்பதில்லை. பிளாஸ்டிக்கின் வசதியும் வாழைநாரின் குணமும் ஒருங்கே அமைந்த பொருள் உண்டா? உண்டு. அதனை ஆக்குபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே!

1926ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமுவான் என்னும் அறிஞர், ஒருவகைப் பாக்டீரியாவின் உடலில் இப்பொருளைக் கண்டறிந்தார். இதன் பெயர் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாகப் பி.எச்.பி.

பாக்டீரியா இதனை ஏன் ஆக்குகிறது? அது பல்கிப் பெருகக் கரி, தழைச்சத்து, மணிச்சத்து ஆகிய யாவும் வேண்டும். தழைச்சத்து இல்லையேல் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் பெருக்கமும் இல்லை. ஆனால் சர்க்கரை மட்டும் எதிரே குவிந்துகிடக்கிறது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் உழவர் நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பதுபோல, அவ்வுயிரும் மிஞ்சிய கரியை மணிமணியாக உடலுக்குள் சேமிக்கிறது. அம்மணிகளே பிளாஸ்டிக்!

நொதிகலனில் இதே தந்திரத்தை இரு கட்டங்களாகக் கையாளுகின்றனர். முதலில் எல்லாச் சத்துகளையும் ஊட்டிப் பாக்டீரியாக்களைப் பெருக்குவர். பின்னர்த் தழைச்சத்தையோ மணிச்சத்தையோ குறைத்துச் சர்க்கரையை மட்டும் தாராளமாக வழங்குவர். சிலவகைப் பாக்டீரியாக்களின் உலர் எடையில் 80 விழுக்காடு வரை பி.எச்.பி. சேர்ந்துவிடும். செல்களை உடைத்து அதைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 175 பாகை வெப்பத்தில் உருக்கி அச்சில் வார்க்கலாம். மண்ணில் புதைத்தால் வேறு நுண்ணுயிர்கள் அதனைத் தின்று, நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. தனிப் பி.எச்.பி. எளிதில் நொறுங்கும், வேறொரு மூலக்கூறை இடையிடையே இணைத்து அதனை வளையச் செய்கின்றனர். பெரிய தடை விலைதான். பாக்டீரியாவுக்கு ஊட்டும் சர்க்கரைக்கே செலவின் பெரும்பகுதி போய்விடுகிறது. எனவேதான் பிரேசில் நாட்டில் கரும்பாலையை ஒட்டியே இதனை உற்பத்தி செய்து பார்த்தனர். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் நீர் போன்றவற்றைக் கொண்டும் ஆய்வுகள் நடக்கின்றன.

கரும்பும் நெல்லும் விளையும் நம் மாவட்டத்தில் இத்தகைய கழிவுகளுக்கா பஞ்சம்? வேதியியலும் நுண்ணுயிரியலும் பயிலும் நண்பர்களே, விலையைக் குறைக்கும் வழி இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. அதுவரை கடைக்குப் போகும்போது கையில் மஞ்சள் பை இருக்கட்டும்!