குட்டிக்குக் கொப்பு கட்டுங்கள்

எங்கள் விளாத்திகுளம் கரிசலில் கன்னி ஆடுதான் அதிகம். கறுப்பு முகத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செந்நிறக் கோடு என்றால் செங்கன்னி. ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போடுவது சாதாரணம். அப்போது தாய்ப்பால் பங்காகிவிடும். இரண்டு, மூன்று வாரத்திலேயே குட்டி எதையாவது கொறிக்கத் தேடும். கடைத் தீவனத்தையே கொட்டினால் விற்கிற லாபத்தை அது தின்றுவிடும். நான் நம்புவது மரத்தை.

பிறந்த குட்டிக்கு அசைபோடும் இரைப்பை வளர்ந்திருக்காது. குடிக்கிற பால் அதைத் தொடாமல் நேரே நாலாம் அறைக்குப் போய்விடும். தழையும் தீவனமும் உள்ளே போய், நுண்ணுயிர் பெருகிப் புளித்தால்தான் முதல் அறை விரியும். அந்த வயதில் தழை கொடுப்பது பசியாற்ற அல்ல, வயிற்றைப் பழக்க. தழை தின்கிறதே என்று பாலைக் குறைத்தால் குட்டி நோஞ்சானாகும். மூன்று மாதம்வரை இரண்டும் வேண்டும்.

தழையில் முதலிடம் அகத்திக்கு. காய்ந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். சோளத்தட்டையில் அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுவது அரிது. ஆனால் பச்சைத் தழையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கட்டு பெரிதாகத் தெரிந்தாலும் சத்து கொஞ்சம்தான்.

சவுண்டலிலும் புரதம் நிறைய. கூடவே மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும். ஆனால் ஹவாய்த் தீவின் ஆடுகளை இது ஒன்றும் செய்யவில்லை. அவற்றின் வயிற்றிலிருக்கும் ஒரு நுண்ணுயிர் நஞ்சை உடைத்துவிடுகிறது என்று கண்டவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ். அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம் குட்டிக்கு மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் வேண்டாம்.

வேலந்தழையில் துவர்ப்பு அதிகம். கூடிப்போனால் புரதம் செரிக்காது. சீமைக்கருவேலின் இலையை ஆடு பெரும்பாலும் தொடாது, காயைத்தான் விரும்பும். அரளி பக்கம் குட்டியை விடவே கூடாது. கோடையில் கை கொடுப்பவை வேம்பும் ஆலும் அரசும். பக்கத்துக் கிடைக்காரர் எனக்குச் சொன்னது இதுதான்: “ஒரே தழையப் போடாதடே, வாய்க்கு மாத்தி மாத்திக் குடு.” ஒரு தழையின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்.

ஒடித்த தழையைச் சில மணி நேரம் நிழலில் வாட விட்டுக் கொடுப்பது நல்லது. வயிற்று உப்புசம் குறையும். கட்டாகக் கட்டி, குட்டியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். வெள்ளாடு அண்ணாந்து கடிக்கவே விரும்பும். தரையில் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் படும். அதைத் தின்ற குட்டிக்குக் குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் வரும்.

மரத்தை வெட்டுவதிலும் முறை உண்டு. சவுண்டலை இடுப்புயரத்தில் வெட்டினால் மறுபடி தளிர்க்கும். அகத்தியை அப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டுப்போகும். தண்டை விட்டுப் பக்கக் கிளையை மட்டும் ஒடிக்க வேண்டும்.

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி பால் மறக்க மூன்று மாதம். அகத்தி முதல் வெட்டுக்கு வரவும் அதே எட்டு மாதம் ஆகும். அதனால் ஆட்டைக் கிடாவுக்கு விடுகிற வாரமே வேலியோரம் விதையை ஊன்றிவிடுங்கள்.