குதிரை இடறியது, கல்வட்டம் கிடைத்தது! எக்ஸ்மூரின் குட்டிக் கற்களைப் பற்றித் தெரியுமா?

1898-ஆம் வருடம். இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட், டெவன் என்ற இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது எக்ஸ்மூர் மேடு. அங்கே விதிபூல் குன்றின் சரிவில் ஆர்ச்சிபால்ட் ஹாமில்டன் என்பவர் குதிரையில் போகிறார். குதிரைக்குக் கால் இடறுகிறது. இடறிவிட்டது ஒரு சின்னக் கல். அந்தக் கல்லோ, 36 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல்வட்டத்தைச் சேர்ந்தது! வயது ஏறக்குறைய 4,000 வருடம்! ஒரு குளம்பில் தட்டுப்பட்ட பிறகுதான் தொல்லியல் உலகத்துக்கே அந்த வட்டம் தெரியவந்தது, தெரியுமா?

36 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 118 அடி. அவ்வளவு பெரிய வட்டம் கண்ணில் படாமலா போகும்? போகும். ஏனென்றால் அதில் நிற்கும் கற்களில் பெரும்பாலானவை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவேதான் முடிந்துவிடுகின்றன. சுற்றிலும் ஹெதர் புதர், பெரணி, கட்டுக்கட்டாக வளரும் முரட்டுப் புல். ஆரம்பத்தில் சுமார் 100 கற்கள் நின்றிருக்கலாம் என்கிறார்கள். இன்று எஞ்சியவை 30-ஐ ஒட்டித்தான். வடக்கிலும் மேற்கிலும் பெரிய பெரிய இடைவெளிகள்.

பண்டைக்காலக் கல் என்றதும் ஸ்டோன்ஹெஞ்ச்தானே நினைவுக்கு வரும்? அங்கே பெரிய கற்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 20 டன்னுக்கு மேல். எக்ஸ்மூரிலோ ஓர் ஆள் தனியாகத் தூக்கி நட்டிருக்கக்கூடிய கற்கள் ஏராளம்! மார்க் கில்லிங்ஸ், ஜோஷுவா பொல்லார்ட், ஜெரமி டெய்லர் என்ற தொல்லியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவற்றுக்கு ‘மினிலித்’ என்றே பெயர் கொடுத்தார்கள்.

வட்டம், வரிசை என்றால்கூட வேறு ஊர்களிலும் உண்டு. எக்ஸ்மூரில் இருக்கும் இன்னொரு வகையைக் கேளுங்கள். ஆங்கிலத் தொல்லியலாளர்கள் ‘ஸ்டோன் செட்டிங்’ என்கிறார்கள். கல்லமைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கல் என்று ஒரு செவ்வகம். நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று என்று பகடையின் ஐந்தாம் பக்கத்தைத் தரையில் விரித்துவைத்த ஓர் அமைப்பு. இன்னும் சில இடங்களில் எந்த வடிவத்துக்குள்ளும் அடங்காமல் சிதறி நிற்கும் கற்கள். லானகூம், ஈஸ்ட் பின்ஃபோர்ட், ஃபர்ஸ்ஹில் காமன், ட்ரவுட் ஹில் என்று மேடெங்கும் இப்படி 60-ஐ ஒட்டிய கல்லமைப்புகள். எக்ஸ்மூருக்கே உரிய மரபு இது! உறுதியாகத் தெரிந்த கல்வட்டங்களோ இங்கே இரண்டே இரண்டுதான்: விதிபூல், போர்லாக்.

பெரிய கல் கிடைக்காததால் சின்னக் கல்லை நட்டார்களா? இல்லவே இல்லை! அதே எக்ஸ்மூரில் சாலகூம் பக்கத்தில் ‘லாங் ஸ்டோன்’ என்று ஒரு குத்துக்கல் நிற்கிறது. பலகைக் கல். உயரம் 3 மீட்டரை நெருங்குகிறது. ஓங்கிய கல்லை நடத் தெரிந்த மக்கள்தான், பக்கத்துச் சரிவுகளில் முழங்காலளவுக் கற்களைத் தேடியெடுத்து, இடம் பார்த்து, குழி தோண்டி நட்டிருக்கிறார்கள். சின்னதாக இருக்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எக்ஸ்மூரைப் பற்றி என்னை வியக்க வைக்கும் விஷயங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

இத்தனை சின்னதாக நட்டதால் வந்த ஆபத்தைப் பார்ப்போம். இந்தக் கற்களின் மிகப் பெரிய எதிரி யார் தெரியுமா? புயலும் இல்லை, திருடனும் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் அரிப்பு!

மூர் என்பது மரமே இல்லாத மேட்டுத் தரிசு. அங்கே மேயும் ஆட்டுக்கு முதுகு அரித்தால் எங்கே போய் உரசும்? கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிமிர்ந்து நிற்பது அந்தக் கல் ஒன்றுதான். ஒரு நாள் உரசினால் ஒன்றும் ஆகாது. பரம்பரை பரம்பரையாக மந்தை வந்து உரசுகிறது. கல்லைச் சுற்றிப் புல் மிதிபட்டுச் செத்துப்போகிறது. புல் போனால் அடியில் இருக்கும் பீட் மண், அதாவது மட்காத செடிகள் சேர்ந்து உருவான கருமண், மழையில் கரைகிறது. கல்லைச் சுற்றி ஒரு பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிகிறது, பிறகு உருகுகிறது. 4,000 வருடத்துக்கு முன் கல்லை நட்டவர்கள் அடியில் முட்டுக்கொடுத்து வைத்த சிறுகற்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கல் சாய்கிறது. ஒரு பருவத்தில் விழுகிறது. விழுந்த கல்லைப் பீட் மூடிவிடுகிறது. அவ்வளவுதான்!

அங்கே பெய்யும் மழை எப்படிப்பட்டது தெரியுமா? 1952 ஆகஸ்ட் 15-ஆம் தேதி எக்ஸ்மூரில் கொட்டிய மழைதான் கீழே கடற்கரையில் இருந்த லின்மத் ஊரைச் சூறையாடி 34 பேரைப் பலிகொண்டது. அந்த 24 மணி நேரத்தில் 229 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்த மழைமானி இருந்த இடம், அந்த லாங் ஸ்டோன் பக்கத்திலேயே இருக்கும் லாங்ஸ்டோன் பாரோ!

மழையைத் தடுக்க முடியாது. ஆனால் வந்து உரசும் ஆடு மாட்டை எல்லாம் விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் அடுத்த வியப்பு காத்திருக்கிறது. மேய்ச்சல் குறைந்த சரிவுகளில் மொலீனியா என்ற புல் அடர்ந்து எழுகிறது. இடுப்புவரைகூட வரும். பெரணியும் முட்புதரும் சேர்ந்துகொள்கின்றன. முழங்காலளவுக் கல் அதற்குள் மூழ்கிப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத கல்லை யார் காப்பாற்றுவது? தெரியாமல் அதன் மேல் வண்டிச் சக்கரம் ஏறலாம், வேர் புகுந்து முட்டுக்கற்களை நெம்பலாம். ஆடு வந்தால் கல் சாய்கிறது, வராவிட்டால் கல் மறைகிறது! எந்தச் சரிவில் எத்தனை மந்தை, எந்த மாதத்தில் மேயலாம் என்ற கணக்கில்தான் வரலாற்றுக்கு முந்தைய ஒரு நினைவுச்சின்னத்தின் ஆயுள் தொங்குகிறது. இதை நினைத்தால் உண்மையிலேயே நெஞ்சு பதறுகிறது. மேய்ப்பர்களோடு தொல்லியலாளர்கள் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும், வேறு வழியே இல்லை.

மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து அரசருக்குச் சொந்தமான வேட்டைக் காடாக இருந்த எக்ஸ்மூரை 1818-இல் ஜான் நைட் என்ற இரும்பு ஆலை அதிபர் விலைக்கு வாங்கி, வாய்க்கால் வெட்டி, உழுது விளைநிலமாக்கப் பார்த்தார். நிமிர்ந்த கல் வேலிக் கதவுக்குத் தூணாகும், உடைத்தால் சாலைக்கு ஜல்லியாகும். இரண்டாம் உலகப் போரில் படைகள் இங்கே குண்டு வீசிப் பயிற்சி எடுத்தன. இத்தனையும் தாண்டி நிற்கிறது ஒவ்வொரு கல்லும்!

அதனால்தான் பதிவு செய்வது அவ்வளவு முக்கியம். வானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் லைடார் இருக்கும்போது மனிதன் நடந்துபோய்ப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வரும் லைடார் படத்தில் மலைக்கோட்டை தெரியும், பழைய வயல் வரப்பு தெரியும். ஒரு சாண் அகலம், ஒரு முழம் உயரம் உள்ள கல் தெரியாது! இந்தக் கற்களைக் கண்டுபிடிக்கும் கருவி இன்றும் மனிதக் கண்ணும் காலும்தான்.

போக நல்ல பருவம் எது? பிப்ரவரி, மார்ச். பெரணி வாடி மடிந்திருக்கும், புதுப்புல் எழுந்திருக்காது. உள்ளூர்க்காரர்கள் புதரைக் கொளுத்திய இடமாக இருந்தால் இன்னும் நல்லது, தரை அப்படியே தெரியும். வெயில் சாய்ந்து விழும் காலையோ மாலையோ வேண்டும். உச்சிவெயிலில் காணாமல்போகும் கல், சாய்ந்த வெயிலில் நீண்ட நிழலால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சதுப்பில் கால் புதையும், பனிமூட்டம் நிமிடத்தில் இறங்கும், உண்ணி கடிக்கும். வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது.

கல்லைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பதுதான் முதல் தவறு. தள்ளி நின்று மொத்தமும் பார்த்து, எங்கெங்கே கல் என்று குறித்துக்கொண்ட பிறகே நெருங்க வேண்டும். ஒவ்வொரு காலடியும் ஈரப் பீட்டை அமுக்குகிறது. பையைச் சாய்த்துவைக்கக் கூடாது, மேலே உட்காரக் கூடாது, கல் மேல் படிந்திருக்கும் கற்பாசியைச் சுரண்டக் கூடாது, சாக்கட்டியால் கோடு போடக் கூடாது. புதைந்த கல் இருக்கிறதா என்று கம்பியால் மண்ணைக் குத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

அளப்பது எப்படி என்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். சில கல்லமைப்புகளின் மொத்த அகலமே ஒருசில மீட்டர்தான்! எனவே ஜிபிஎஸ் இடத்தைச் சொல்ல மட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குப் பழைய அளவு நாடாதான் தெய்வம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடாக ஒரு நாடாவை விரித்து, அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் செங்குத்தாக இன்னொரு நாடா பிடித்தால் சென்டிமீட்டர் கணக்கில் வரைபடம் கையில் வந்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் உயரம், அகலம், தடிமன், அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அடிப்பள்ளத்தின் ஆழம் எவ்வளவு, அதில் தண்ணீர் நிற்கிறதா, உரசிய வழுவழுப்பு இருக்கிறதா, எல்லாம் எழுத வேண்டும். அளவுகோல் வைத்து நான்கு பக்கமும் படம். இன்று ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நிறையப் படங்கள் எடுத்தால் கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவமே தந்துவிடுகிறது, கல்லைத் தொடாமலே!

இல்லாத கல்லையும் பதிவு செய்யலாம் தெரியுமா? கல் போய்விட்ட இடத்தில் முட்டுக்கற்கள் மட்டும் புல்லுக்குள் செங்குத்தாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு கல் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. விழுந்த கல்லை நல்லெண்ணத்தோடு தூக்கி நிறுத்திவிடுபவர்கள் இந்தச் சாட்சியை அழித்துவிடுகிறார்கள். எந்தக் குழியில், எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும். சட்டப் பாதுகாப்புள்ள சின்னமாக இருந்தால் 1979-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றமும்கூட. அங்கே உலோகம் தேடும் கருவியை அனுமதி இல்லாமல் ஓட்டினாலும் குற்றம்தான்.

விதிபூல் வட்டத்தை முதலில் முறையாக அளந்தவர் ஹாரல்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே. 1905-ஐ ஒட்டி. அவர் யாரிடம் வேலை கற்றவர் தெரியுமா? பிட் ரிவர்ஸிடம்! 1882-ஆம் வருடத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிரிட்டனில் நியமனமான முதல் ஆய்வாளர் அந்த பிட் ரிவர்ஸ்தான். அதே காலத்தில், 1905-இலும் 1906-இலும், சாண்டர் என்ற பாதிரியாரும் ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த்தும் எக்ஸ்மூரின் கற்களை வரைபடத்தோடு டெவன்ஷயர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்று போய் நின்றால், எது சாய்ந்தது, எது விழுந்தது, எது காணாமல் போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம்!

விளக்கம் மாறும், அளவு மாறாது. ஆம்ஸ்வொர்தி காமனில் நிற்கும் கற்களை கிரே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களின் மிச்சம் என்று எண்ணினார். பின்னால் வந்தவர்கள் அதே கற்களை வரிசைகளாகப் பார்த்தார்கள். கருத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு இடம் கொடுத்தது, ஒவ்வொரு கல்லும் நிற்கும் இடத்தைச் சரியாகக் குறித்த வரைபடம்.

பண்டைக்காலக் கற்கள் எல்லாம் எப்போதோ எண்ணி முடித்தாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். புதர் எரிந்த பிறகு, வறண்ட பருவத்தில் புல் வாடிய பிறகு, இதுவரை யாரும் குறிக்காத கல் தலைகாட்டலாம். எக்ஸ்மூர் தேசியப் பூங்காவின் வரலாற்றுச் சூழல் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போவதற்கு முன்பே அந்தச் சரிவில் எந்தெந்தக் கல்லுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். நாயோடு போவதாக இருந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் காலம் அது. எண் இல்லாத கல் ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல் படமெடுத்து, பின்னணியில் குன்றின் விளிம்பு தெரியும்படி இன்னொரு படமும் எடுத்து, வரைபடக் கட்ட எண்ணோடு பூங்காவின் தொல்லியல் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.