கச்சேரிப் பொருளாதாரத்தில் இடம் தேடும் சிறு மேடைகள்

புது தில்லி: தெற்கு தில்லியின் ஹவுஸ் காஸ் கிராமத்தில் அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரி இன்றும் இருக்கிறது. அதன் கரையில் பெரோஸ் ஷா துக்ளக்கின் கல்லறை. அதையொட்டிய குறுகிய சந்துகளின் மாடிகளில் இயங்கும் கேளிக்கை விடுதிகளில், இரவு 9 மணிக்கு மேல் டிரம்ஸ் முழங்கத் தொடங்குகிறது. வார இறுதி நாள்களை டிஜேக்களும் திரைப்பாடல்களும் பிடித்துக்கொள்ள, பெயர் பெறாத ராக் குழுக்களுக்கும் ஹிப்-ஹாப் பாடகர்களுக்கும் பெரும்பாலும் வாரத்தின் நடுநாள்களே வாய்க்கின்றன. ஒரே இரவில் நான்கைந்து பேர் அடுத்தடுத்து மேடையேறுவார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

தலைநகருக்கு இது புதிதல்ல. 1990-இல் உருவான 'இந்தியன் ஓஷன்', 1991-இல் தொடங்கிய 'பரிக்ரமா' ஆகிய குழுக்கள் தில்லியில் தோன்றி நாடு முழுவதும் அறியப்பட்டவை. கடந்த பத்தாண்டுகளில் அந்த இடத்தை ஹிப்-ஹாப் பிடித்தது. மேற்கு தில்லியின் திலக் நகரைச் சேர்ந்த பிரப் தீப், 2017-இல் வெளியிட்ட 'கிளாஸ்-சிக்' தொகுப்பில் தன் பகுதி இளைஞர்களின் வாழ்வையும் போதைப் பழக்கத்தின் கொடுமையையும் பஞ்சாபியில் பாடினார். 1984 கலவரத்தில் கணவரை இழந்த பெண்கள் குடியமர்த்தப்பட்ட திலக் விஹார், அப்பகுதியை ஒட்டியதே. பூங்காக்களில் கூடி வட்டமாக நின்று பாடிய இளைஞர்களிடையே உருவான 'சீதே மௌத்' இரட்டையர், 2018-இல் 'பயான்' தொகுப்பின் மூலம் பரவலாகக் கவனம் பெற்றனர்.

25 வயது என்னும் வேலி

பூங்காவில் தொடங்கும் இசை, மதுக் கூடத்தில்தான் மேடை காண்கிறது. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தத் தடை உள்ளது. மூடிய அரங்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெரிய அரங்கின் வாடகையைக் கொடுக்கப் புதிய குழுக்களால் இயலாது. எனவே எஞ்சுவது விடுதிகளே. அவற்றின் வருவாயோ மது விற்பனையைச் சார்ந்தது.

2009-ஆம் ஆண்டின் தில்லி கலால் சட்டப்படி, 25 வயது நிறைவடையாதவருக்கு மது விற்கக் கூடாது. வயது வரம்பை 21-ஆகக் குறைக்கப் போவதாக 2021-இல் மாநில அரசு அறிவித்தும் சட்டம் மாறவில்லை. மது விற்பனைக்கே தடை என்றாலும், சிக்கலைத் தவிர்க்க வாயிலிலேயே வயதுச் சான்று கேட்கும் விடுதிகள் உண்டு. இந்த இசையின் இயல்பான ரசிகர்கள் கல்லூரி மாணவர்கள். 18 வயதில் வாக்களித்து ஓர் அரசையே மாற்றக்கூடிய அவர்கள், தம் வயதுப் பாடகரைக் கேட்க முடியாமல் திரும்ப நேர்கிறது. மக்களவைக்குப் போட்டியிடவும் அதே 25 வயதுதான் தகுதி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

எது கலை?

2017-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலைகளை நிகழ்த்தும் கலைஞருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு நிகழ்ச்சிக்கான ஊதியம் ரூ. 1.5 லட்சத்துக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ராக் இசையும் ஹிப்-ஹாப்பும் இந்த இரு வகைகளிலும் சேரவில்லை. ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்தை எட்டாத புதிய குழுக்களை இவ்வரி தொடுவதில்லை என்பது உண்மையே. எனினும், அரசு எதைப் பேணத்தக்க கலையாகக் கருதுகிறது என்பதை அந்த விலக்கு காட்டிவிடுகிறது.

அகமதாபாதில் 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் பிரிட்டனின் 'கோல்ட்பிளே' குழு நடத்திய நிகழ்ச்சிகளுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. இரு நாள்கள் கழித்துப் புவனேசுவரத்தில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, அதைச் சுட்டிக்காட்டி, 'கச்சேரிப் பொருளாதாரத்துக்கு' நாட்டில் உள்ள வாய்ப்பை எடுத்துரைத்தார். அந்தப் பொருளாதாரத்தில் வெளிநாட்டுக் குழுக்கள் மட்டுமே இடம்பெற்றால் போதுமா என்ற கேள்வி எழுகிறது. விளையாட்டரங்கை நிரப்பும் கலைஞர் எவரும் முதலில் ஐம்பது பேர் முன்னிலையில் பாடிப் பழகியவரே.

வடகிழக்கில் இதற்கு ஒரு விடை காணப்பட்டிருக்கிறது. ஷில்லாங்கில் பாடகர் லூ மஜா 1972 முதல் பாப் டிலனின் பிறந்த நாளில் இசை நிகழ்ச்சி நடத்தி வருகிறார். அந்நகரின் 'காஸி பிளட்ஸ்' குழு, ஹிப்-ஹாப் இசையில் தன் இனத்தின் குரலை ஒலிக்கச் செய்தது. அத்தகைய மண்ணில் மேகாலய அரசு, முதல்வரின் அடித்தள இசைத் திட்டத்தின் கீழ் உள்ளூர்க் கலைஞர்களுக்கு மேடையும் ஊதியமும் அளிக்கிறது. பாடுபவரின் வாழ்வு மது விற்பனையை மட்டுமே நம்பியிராத நிலை அங்கு உருவாகியுள்ளது.

நாடாளுமன்றமும் பாடலாசிரியர்களின் குரலுக்கு ஒருமுறை செவிசாய்த்துள்ளது. 2012 மே மாதம் நிறைவேறிய பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதி செய்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். ஆனால், பாட மேடையே கிடைக்காதவருக்கு அந்தப் பங்கு ஏட்டளவில்தான் இருக்கும்.

தில்லியில் மாநகராட்சிச் சமுதாயக் கூடங்கள் பல உள்ளன. ஒலி மாசு விதிகள் விலக்கு அளிக்கும் இடங்களில் சமுதாயக் கூடங்களும் அடக்கம். குறைந்த வாடகையில் வாரத்தில் ஓரிரவு அவற்றைத் திறந்துவிடப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.