வெள்ளைக் கல்லும் சாம்பல் சத்தும்

சேலம், நாமக்கல், கரூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் பாறைப் பூமிகளில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒருவகைக் கல் அகப்படுகிறது. இதற்குப் பெல்ஸ்பார் என்று பெயர். பீங்கானும் கண்ணாடியும் செய்பவர்கள் இதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இதில் சாம்பல் சத்து இருப்பதால், இதைப் பொடித்து வயலில் இட்டால் பொட்டாஷ் உரம் வாங்கும் செலவு மிஞ்சும் என்ற எண்ணம் ரயத்துகளில் சிலருக்கு உண்டு. இதன் உண்மையை அறிந்துகொள்வது நலம்.

முதலில் கல்லை அடையாளம் காண வேண்டும். வெங்கச்சங்கல் உடைந்தால் கண்ணாடிச் சில்லுப்போல் வளைந்து உடையும். சுக்கான் கல்லைப் பொடித்து எலுமிச்சம் பழச்சாறு விட்டால் நுரைக்கும். பெல்ஸ்பார் நுரைக்காது, பளபளப்பான தட்டை முகங்களாகப் பிளக்கும். ஆயினும் இதிலும் இனங்கள் உண்டு. ஆர்த்தோக்கிளேஸ் என்ற இனம், சுத்தமாக இருந்தால், நூற்றுக்குச் சுமார் 17 பங்கு பொட்டாஷ் கொண்டது. ஆல்பைட் என்ற வெள்ளை இனத்தில் அதற்குப் பதிலாகச் சோடியமே இருக்கிறது. இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது எளிதன்று.

கல்லில் சத்து இருப்பது வேறு, அது பயிருக்குக் கிடைப்பது வேறு. வேர்கள் நீரில் கரைந்த சத்தையே உறிஞ்ச வல்லவை. பெல்ஸ்பாரிலுள்ள பொட்டாஷ் மணலின் மூலப்பொருளோடும் அலுமினியத்தோடும் இறுகப் பிணைந்திருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்படைந்து, நெடுங்காலத்தில் இப்பிணைப்பைச் சிதைக்கிறது. பொட்டாஷ் விடுபட்டபின் மிஞ்சுவது வெண்களிமண். நம் செம்மண் நிலங்களில் பல இவ்விதம் பாறை சிதைந்து உண்டானவையே. ஆனால் ஒரு போகத்திற்குள் பயிர் கேட்கும் அளவை இவ்வேலை கொடுத்துவிடாது.

நூறு கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷில் சுமார் 60 கிலோ பொட்டாஷ் இருக்கிறது. அது முழுவதும் நீரில் கரையும். நூறு கிலோ கற்பொடியில் அதிகபட்சம் 17 கிலோவே இருக்க, அதிலும் மிகச் சிறு பங்கே அந்தப் போகத்தில் பயிருக்கு எட்டும். ஆகவே அரைவைக் கூலியும் வண்டிச் சத்தமும் வீணாகும். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வருவது நின்றபோது, அமெரிக்காவில் பெல்ஸ்பாரைச் சுண்ணாம்புடன் சூளையிலிட்டுப் பொட்டாஷ் பிரிக்க முயன்றார்கள். யுத்தம் முடிந்து மலிவான உப்பு வந்தபின் அம்முறை விலைக்குக் கட்டவில்லை.

ஆயின் ரயத்துகள் செய்யத்தக்கது யாது? நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது. அதை விற்றுவிட்டால் சத்தும் கூடவே போகிறது. மாடு தின்ற சத்தில் பெரும்பங்கு கோமூத்திரத்தில் வெளிப்படுகிறது. ஆகையால் தொழுவத்தில் கழிவு வைக்கோலையும் சருகையும் பரப்பி, மூத்திரத்தை ஊறவிட்டு எருக்குழியில் சேர்க்க வேண்டும். மக்கும் எருவிலிருந்து உண்டாகும் புளிப்புகள் நிலத்திலுள்ள கல்லையும் ஓரளவு கரைக்கும். அடுப்புச் சாம்பலை மழையில் நனையவிடலாகாது. நனைந்தால் பொட்டாஷ் கரைந்து ஓடிவிடும். அதை யூரியாவுடனோ அம்மோனியம் சல்பேட்டுடனோ கலப்பதும் கூடாது. தழைச்சத்து ஆவியாகப் போகும்.

மரவள்ளி, வாழை, கரும்பு, தென்னை ஆகியவை சாம்பல் சத்தை மிகுதியாக எடுப்பவை. மணற்பாங்கான செம்மண்ணில் இவற்றைப் பயிரிடுவோர் எருவை மட்டும் நம்பியிராமல் மண்ணைப் பரிசோதித்து உரமிட வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேற்பரப்பிலிருந்து பயிரின் வேருக்கேற்ற ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பினால் போதும். எருக்குழி, வரப்பு, மரநிழல் ஆகிய இடங்களில் மண் எடுக்கலாகாது.

கற்பொடியைப் பொட்டாஷ் உரமென்று விற்க எவரேனும் கிராமத்திற்கு வந்தால், கிராம உத்தியோகஸ்தர்கள் அதை உடனே விவசாய இலாகாவினருக்குத் தெரிவிப்பது ரயத்துகளின் பணத்தைக் காப்பாற்றும்.